அரை ஆளுக்கு மட்டும் அனுமதி

மனித குலம் இதுவரை மூன்று பெரிய காரியங்களைச் செய்திருக்கிறது. நெருப்பை மூட்டியது ஒன்று. சக்கரத்தை உருட்டியது இரண்டு. அறுபத்திரண்டு எம்.பி. கனமுள்ள ஒரு புகைப்படத்தை அறுநூற்று நாற்பது கேபி ஆக்கி மின்னஞ்சலில் அனுப்பியது மூன்று. முதல் இரண்டையும் செய்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் போடாமல், குறிப்பு எழுதாமல், அவசரப்பட்டுச் செய்துவிட்டார்கள். மூன்றாவதைச் செய்தது எங்கள் குடிநீர் அலுவலகம். எட்டுக் கூட்டம் போட்டு, முப்பத்துநான்கு உறை ஒட்டி, உறைக்கு மூன்று கையெழுத்து வாங்கிச் செய்தது. ஆகையால் அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

எம்.பி. என்றதும் தேர்தலில் நின்று ஜெயித்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரைக் குறைக்க யாராலும் ஆகாது. இது கணினிக்குள் படம் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. ஆயிரத்து இருபத்துநாலு கேபி சேர்ந்தால் ஒரு எம்.பி. நெல்லுக்குப் படி, துணிக்கு முழம் மாதிரி படத்துக்கு இது. இவ்வளவு தெரிந்தால் போதும். இதற்கு மேல் அந்த அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாது, ஒரே ஒருவரைத் தவிர. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த அலுவலகத்தின் சுறுசுறுப்பை முதலில் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் வரும். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் போகும். அப்படி ஒரு நாள் ஒரு கடிதம் வந்தது. பம்பு நிலையம் திறந்து நாற்பது வருஷம் ஆகிறது, அதற்கு ஒரு மலர் போடுகிறோம், திறப்பு நாளன்று எடுத்த புகைப்படத்தை மின்னஞ்சலில் அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள். படத்தின் தெளிவு எள்ளளவும் குறையக் கூடாது. ஒரு எம்.பி.க்கு மேல் போகவும் கூடாது. படத்தில் காணப்படுகிறவர்களின் பெயர்கள் மலரிலும், பம்பு நிலைய வாசலில் நடப்போகும் கல்லிலும் பொறிக்கப்படும்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் நாங்கள் இருவரும் போய் அந்த அலுவலக பெஞ்சில் உட்கார்ந்தோம்.

நாங்கள் என்றால் நானும் என் ஓரகத்தியும். ஊரில் அவளுக்கு ‘வால்வு அக்கா’ என்று பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் தெருத்தெருவாகப் போய்க் குடிநீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடிய வேலை. எனக்கும் அக்கா முறை. ஓய்வு பெற்றும் சும்மா இருக்க மாட்டாள். யார் வீட்டுக்குப் போனாலும் குழாயை ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

பம்பு நிலையம் திறந்த அன்று அக்காவுக்கு இருபத்தைந்து வயது. தினக்கூலி. பெரிய வால்வின் சக்கரத்தைத் தலைமைப் பொறியாளர் திருப்பித் தண்ணீரைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. அவர் திருப்பினார். சக்கரம் அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் பிடித்துப் பார்த்தார்கள். அசையவில்லை. ஓரமாக மண் அள்ளிக்கொண்டிருந்த அக்கா வந்து, எதிர்ப்பக்கமாக முதலில் கால் திருப்பு திருப்பிவிட்டு, பிறகு நேர்ப்பக்கம் ஒரே இழுப்பு. தண்ணீர் பாய்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். பொறியாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படத்துக்கு நின்றார். அக்காவின் கை சக்கரத்தில் இருந்தபடியே இருந்தது. அந்த நொடியில் எடுத்த படம் அது. மொத்தம் முப்பத்தோரு பேர்.

இதை அக்கா எங்கள் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள். நம்பத்தான் ஆள் இல்லை. மூன்று வருஷம் கழித்து வேலை நிரந்தரமானபோதுதான் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது. அதற்கு முந்திய காலத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. அவளுடைய மருமகன் ரொம்ப நல்ல பையன், வாய் மட்டும் சும்மா இருக்காது. யாராவது விருந்தாளி வந்து தண்ணீர் குடித்தால் போதும். “மெதுவா குடிங்க, அத்தை திறந்துவிட்ட தண்ணி” என்பான். ஒரு முறை கடற்கரைக்குப் போயிருந்தபோது, அலையைக் காட்டி, “அத்தை, இதையும் நீங்கதான் திறந்துவிட்டீங்களா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அவள் காலை நனைக்கவே இல்லை என்பதை நான் பார்த்தேன்.

அவளுக்கு வேண்டியதெல்லாம் கல்லில் ஒரு பெயர். மருமகனைக் கூட்டிக்கொண்டு போய், “படி” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மேலாளரிடம் முதல் நாளே போய்ச் சொன்னாள். மேலாளர் தங்கமான மனிதர். யார் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லவே மாட்டார், ‘பார்க்கலாம்’ என்பார். படத்தில் இருந்தால் கல்லிலும் இருப்பீர்கள் என்று சிரித்தபடி சொன்னார். படம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. உலகத்திலேயே அந்தப் படத்துக்கு இருந்த ஒரே பிரதி அதுதான். அக்கா அதை ஒரு முறை பார்த்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். படம் போகிற வரைக்கும் இருந்து பார்த்துவிட்டே போவோம் என்றாள். பெஞ்சுக்கும் மேலாளர் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புத்தான். உள்ளே இருமினாலும் கேட்கும். அதனால்தான் இந்த வரலாற்றை ஒரு எழுத்துக் குறையாமல் உங்களுக்குச் சொல்ல முடிகிறது.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேன் செய்தார்கள். ஸ்கேனர் புதிது. அதிலுள்ள எல்லா அளவையும் உச்சத்தில் வைக்கும்படி மேலாளர் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தார். அலுவலகச் சொத்தை அரைகுறையாகப் பயன்படுத்துவது அதை வீணாக்குவதற்குச் சமம் என்பது அவர் கொள்கை. படம் அறுபத்திரண்டு எம்.பி. வந்தது. மின்னஞ்சல் அதை வாங்க மறுத்தது. மேலாளர் அசரவில்லை. இது சிறப்பு நேர்வு, தயவுசெய்து இந்த ஒரு முறை அனுமதிக்கவும் என்று பணிவான ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னார். மின்னஞ்சல் விண்ணப்பத்தைப் படித்ததாகத் தெரியவில்லை. நினைவூட்டல் கடிதம் ஒன்று சேர்த்து மூன்றாவது முறையும் அனுப்பினார்கள். கல்நெஞ்சம், அப்போதும் இளகவில்லை.

அப்போதுதான் தட்டச்சம்மா வாயைத் திறந்தார். கணினி வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பதவிக்குப் பெயர் இன்னும் தட்டச்சர்தான். விவரம் தெரிந்த ஒருவர் என்று சொன்னேனே, அது இவர்.

“சார், இத கம்ப்யூட்டர்லயே சைஸ் குறைச்சு சேவ் பண்ணிடலாம். ரெண்டு நிமிஷ வேலை.”

மேலாளர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் மேலாளரைப் பார்த்தார். கணக்கர் எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு கால்குலேட்டரோடு போகிறவர். இருவரும் சேர்ந்து தட்டச்சம்மாவைப் பார்த்த பார்வையில், பாவம், அந்தம்மா நின்ற இடத்திலேயே ஒரு எம்.பி. குறைந்துபோனார்.

மேலாளர் பொறுமையாக விளக்கினார். சைஸைக் குறைத்தால் தெளிவு குறையும். தெளிவு எள்ளளவும் குறையக் கூடாது என்று கடிதத்திலேயே இருக்கிறது. தவிர, கணினிக்குள் படத்தைத் திருத்தினால் அது ‘போலி’. காகிதத்தில் திருத்தி, திருத்திய இடத்தில் கையெழுத்துப் போட்டால் அது ‘ஆவணம்’. இந்த அலுவலகம் துவங்கிய நாள் முதலாக எந்தத் திருத்தமும் காகிதத்தில்தான் நடந்திருக்கிறது. இனியும் அப்படித்தான்.

“அப்ப எப்படி சார் குறைக்கிறது?”

“குழு போட்டுக் குறைக்கணும்மா” என்றார் மேலாளர்.

‘புகைப்படக் கனக்குறைப்புக் குழு’ அன்று மத்தியானமே உருவாயிற்று. தலைவர் மேலாளர். உறுப்பினர் கணக்கர். செயலாளராகத் தட்டச்சம்மா. முதல் கூட்டத்தில் கணக்கர் ஒரு கணக்குப் போட்டார். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படத்தில் முப்பத்தோரு பேர். கனம் அறுபத்திரண்டு எம்.பி. ஆகவே தலைக்கு இரண்டு எம்.பி. அனுமதிக்கப்பட்டது ஒரு எம்.பி.

“அப்படின்னா?” என்றார் மேலாளர்.

கணக்கர் கால்குலேட்டரில் இன்னொரு தரம் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அரை ஆள் அனுப்பலாம் சார்.”

மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஒரு பெரிய உண்மை வெளிப்படும்போது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தெளிவைக் குறைக்கக் கூடாது. ஆளைக் குறைக்கக் கூடாது என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை.

வேலை ஆரம்பமாயிற்று. கத்திரிக்கோல் மேலாளர் மேசையிலிருந்து வந்தது. வெட்டுகிற பொறுப்பு கணக்கருக்கு. என்ன நேர்த்தியான கை அவருக்கு. ஒரு தையல்காரர் வந்து கற்றுக்கொள்ளலாம். முதலில் வானத்தை வெட்டினார்கள். வானம் பணியாளர் அல்ல என்பதால் ஆட்சேபணை எழவில்லை. அடுத்து தரை. அடுத்து பம்பு நிலையக் கட்டடம். கட்டடத்தின் திறப்பு விழாப் படத்தில் கட்டடம் இல்லாவிட்டால் எப்படி என்று தட்டச்சம்மா கேட்டதற்கு, கட்டடம்தான் நேரிலேயே இருக்கிறதே, வேண்டியவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது. வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் ஒரு உறைக்குள் போயிற்று. உறைமேல் எண், பொருள், தேதி. ‘உறை ஒன்று: வானம்.’ மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மீதிப் படத்தை ஸ்கேன் செய்து கனம் பார்க்க வேண்டும். பார்த்ததும், பழைய ஸ்கேனை அழித்துவிட வேண்டும். ஒரே ஆவணத்துக்கு இரண்டு பிரதி இருந்தால் எது உண்மை என்று நாளைக்கு வழக்கு வரும் என்றார் மேலாளர். தட்டச்சம்மா தயங்கித் தயங்கி அழித்தார். அழித்துவிட்டேன் என்று எழுதியும் கொடுத்தார்.

பிறகு ஆட்களின் முறை வந்தது. யாரை முதலில் வெட்டுவது என்பதில் குழு காட்டிய நியாய உணர்வை நான் வேறெங்கும் கண்டதில்லை. முதலில் இறந்துபோன பதினோரு பேர். அவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள். அடுத்து வேலையை விட்டுப் போனவர்கள். விட்டுப் போனவர்கள் விட்டுப் போனவர்கள்தானே. அதன்பிறகு, படம் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்த ஐந்து பேர். நிகழ்ச்சிக்கு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று அவர்கள் உறையில் எழுதப்பட்டது. பின்வரிசையில் ஒருவர் மேலாளரின் சொந்தப் பெரியப்பா. அவருடைய முறை வந்தபோது மேலாளர், உறவுக்காகச் சலுகை காட்டினார் என்ற பேச்சு நாளைக்கு வரக் கூடாது என்று எழுந்து வெளியே டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வருவதற்குள் பெரியப்பா உறைக்குள் இருந்தார். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். நேர்மை என்றால் இப்படி இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் படத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். நடுவே சக்கரம். ஒரு பக்கம் பொறியாளர், மறுபக்கம் அக்கா.

அதுவரை அக்கா பெஞ்சை விட்டு அசையவில்லை. கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்திரிக்கோல் அவள் முந்தானையைத் தொட்டதும் எழுந்து உள்ளே போனாள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“சார், அது நான்” என்றாள்.

“எதும்மா?”

“கத்திரியில இருக்கே, அது.”

மேலாளர் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பதிவேட்டை எடுத்துவரச் சொல்லி, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார்.

“இங்க பாருங்கம்மா, நீங்க வேலைக்கு வந்தது திறப்பு விழா முடிஞ்சு மூணு வருஷம் கழிச்சு. அன்னிக்கு வேலைக்கே வராத ஒருத்தர் இந்தப் படத்துல எப்படி இருக்க முடியும்?”

“இருக்கேனே சார்.”

“இருக்கீங்க. இல்லைன்னு நான் சொல்லல. அதுதான் தப்பு. நாப்பது வருஷமா யாரும் கவனிக்காத தப்பு. அதத்தான் இப்ப திருத்துறோம்.”

அக்கா பதிவேட்டைத் தள்ளி வைத்தாள். சக்கரத்தைத் திருப்பியது யார் என்று மட்டும் கேட்டாள். பொறியாளர் என்றார் மேலாளர். அவருடைய கை பின்னால் கட்டியிருக்கிறதே என்றாள் அக்கா. திருப்பி முடித்துவிட்டுக் கட்டியிருப்பார் என்றார் கணக்கர், கத்திரியை எடுக்காமலே. சட்டென்று ஒரு வெட்டு. கத்திரி அக்காவின் கை வரைக்கும் வந்து நின்றது.

ஆனால் ஒரு சிக்கல். அவள் கை சக்கரத்தை இறுகப் பிடித்திருந்தது. கையை வெட்டினால் சக்கரமும் சேர்ந்து போகும். சக்கரம் போனால் நிற்கிறவர் திறப்பு விழாவுக்கு வந்த பொறியாளரா, திருமணத்துக்கு வந்த விருந்தாளியா என்று தெரியாது. கணக்கர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கடைசியில் மணிக்கட்டில் வெட்டினார். அக்கா மேசைமேல் தனியாக விழுந்தாள். உறை முப்பத்துமூன்று: ‘பதிவேட்டில் இல்லாத பெண்மணி ஒருவர்.’ பொறியாளரின் இடுப்புக்குக் கீழ்ப்பகுதி முப்பத்துநாலாம் உறைக்குப் போயிற்று. மீதியை ஸ்கேன் செய்தபோது அறுநூற்று நாற்பது கேபி. கணக்கர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கறுப்புக் கோட்டு, அதனால் கனம் இல்லை என்று விளக்கம் சொன்னார். மேலாளர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மின்னஞ்சல் முதல் முறையிலேயே வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கு வருகிற வழியில் தெருமுனையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தாண்டிப் போனாள்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் தலைமை அலுவலகத்திலும் கண் உள்ளவர் யாரோ ஒருவர் இருந்திருக்கிறார். நாலாம் நாள் கடிதம் வந்தது. ‘தங்கள் படம் கிடைத்தது. தெளிவு பாராட்டத்தக்கது. எனினும் படத்தில் பொறியாளர் ஒருவரும் கை ஒன்றும் காணப்படுகின்றன. தோள்களின் அமைப்பைக் கொண்டு பார்க்கையில் பொறியாளரின் இரு கைகளும் பின்னால் இருப்பதாகத் தெரிகிறது. எஞ்சிய கை வளையல் அணிந்துள்ளது. கை யாருடையது என்ற விவரத்தை உடனடியாகத் தெரிவிக்கவும்.’

தட்டச்சம்மா எங்களுக்கு ஆள் விட்டுச் சொன்னார். அக்காவுக்கு அன்றைக்கு இருந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே. பத்து நிமிஷத்தில் தலை வாரிக் கிளம்பிவிட்டாள். எப்படியும் கேட்டுத்தானே ஆக வேண்டும், கை தனியாகவா வந்திருக்கும் என்றாள்.

‘கை அடையாள விசாரணை’ மேலாளர் அறையில் நடந்தது. அக்கா தன் வலது கையை மேசைமேல் நீட்டி வைத்தாள். பக்கத்தில் அந்தப் படத்துண்டு. மேலாளர் பூதக்கண்ணாடி வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பொருந்தலயேம்மா. படத்துல இருக்கறது சின்ன வயசுக் கை. உங்களுது பெரியவங்க கை.”

“நாப்பது வருஷம் ஆச்சுல்ல சார்.”

“உங்க கைக்கு ஆச்சு. படத்துல இருக்கற கைக்கு ஆகலையே.”

அக்கா கோபப்படவில்லை. முப்பத்துமூன்றாம் உறையை எடுத்துப் பாருங்கள் என்றாள். முறைப்படி கோரிக்கை எழுதி வாங்கிக்கொண்டு உறையைப் பிரித்தார்கள். உள்ளிருந்து இருபத்தைந்து வயது அக்கா வெளியே வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. நெற்றியில் வியர்வை. முழங்கையில் சேறு. அவ்வளவு பக்கத்தில் நான் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

கணக்கர் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“சார், இந்தம்மாவுக்குக் கையே இல்லையே. கை இல்லாதவங்க எப்படி வால்வைத் திறந்திருப்பாங்க?”

“நீதானேப்பா வெட்டின” என்றாள் அக்கா.

அது தனிப்பட்ட குற்றச்சாட்டு, குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்றார் மேலாளர். அக்கா ஒரு துண்டை இன்னொரு துண்டின் பக்கத்தில் நகர்த்தினாள். மணிக்கட்டு மணிக்கட்டோடு சேர்ந்தது. பொட்டு இடைவெளி இல்லை. ஒரு வளையலில் பாதி இந்தத் துண்டிலும் மறுபாதி அந்தத் துண்டிலும் இருந்தது. இரண்டும் சேர்ந்து முழு வட்டம் ஆயிற்று. அறையில் எல்லோரும் குனிந்து பார்த்தோம். மேலாளர்கூட ஒரு கணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

தட்டச்சம்மா சந்தர்ப்பத்தை விடவில்லை. “இப்படியே சேர்த்து வச்சு ஒரு ஸ்கேன் எடுத்து, சைஸை மட்டும் குறைச்சிட்டா…”

மேலாளர் விரலை உயர்த்தினார். வெட்டிய ஆவணத்தைச் சேர்த்து வைப்பது, வெட்டியது தவறு என்று ஒப்புக்கொள்வதாகும். வெட்டியதற்கு மூன்று கையெழுத்து இருக்கிறது. சேர்ப்பதற்கு விதியே இல்லை. அதற்குள் கணக்கரும் கால்குலேட்டரைத் தட்டி முடித்திருந்தார். அம்மாவைச் சேர்த்தால் இரண்டு எம்.பி. கூடும், அனுமதி தாண்டிவிடும் என்றார்.

“உங்க மேல எங்களுக்கு மரியாதை இல்லாம இல்லைம்மா” என்றார் மேலாளர், உண்மையாகவே வருத்தத்தோடு. “இடம்தான் இல்லை.”

ஆனால் எங்கள் மேலாளர் யாரையும் வெறுங்கையோடு அனுப்புகிறவர் அல்ல. தலைமை அலுவலகத்துக்கு அன்றைக்கே பதில் போயிற்று. ‘மேற்படி கை விசாரிக்கப்பட்டது. கை உண்மையானது. மணிக்கட்டு வரை ஏற்கப்படுகிறது. மணிக்கட்டுக்கு மேல் ஆதாரம் இல்லை.’

அடுத்த மாதம் பம்பு நிலைய வாசலில் கல் நட்டார்கள். மூடியிருந்த துணியை மேலாளர் விலக்கினார். பளபளவென்று கறுப்புக் கல், வெள்ளை எழுத்து. ‘திறந்துவைத்தவர்: தலைமைப் பொறியாளர்’ என்று அவர் பெயர், படிப்பு, பட்டம் எல்லாம் நாலு வரி. அதன்கீழே ஒரு வரி. ‘உடனிருந்தது: ஒரு கை.’

வேண்டாம் வேண்டாம் என்று அக்கா சொல்லியும் மருமகன் வந்திருந்தான். வாய்விட்டுப் படித்தான். இரண்டாம் முறை மெதுவாகப் படித்தான்.

“என்ன அத்தை, அன்னிக்குக் கையை மட்டும் வேலைக்கு அனுப்பிட்டு நீங்க வீட்டுல படுத்துட்டீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பக்கத்திலிருந்தவர் இன்னும் ஒரு படி மேலே போய், கைக்குத் தனியாகச் சம்பளம் உண்டா என்று கேட்டார். கடற்கரையில் சிரித்த மாதிரி அக்கா இந்த முறை சேர்ந்து சிரிக்கவில்லை. வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அதைக் கவனித்தானோ என்னவோ, சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, வெயில் ஏறுகிறது, வண்டியைக் கொண்டு வருகிறேன் என்று போய்விட்டான்.

அக்கா வண்டி ஏறவில்லை. விடுவிடுவென்று அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே தட்டச்சம்மா மட்டும் இருந்தார். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. அந்தப் படம் கடைசியில் எவ்வளவு இருந்தது என்று கேட்டாள். அறுநூற்று நாற்பது கேபி என்றார் தட்டச்சம்மா. எவ்வளவு வரை அனுப்பலாம்? ஆயிரத்து இருபத்துநாலு. அக்கா விரல் மடக்கிக் கணக்குப் போட்டாள். அவளுக்குக் கால்குலேட்டர் வேண்டியதில்லை.

“முன்னூத்து எண்பத்துநாலு மிச்சம் இருந்திருக்கே. அதுல என்ன வச்சு அனுப்பினீங்க?”

“ஒண்ணும் வைக்கலக்கா. அது காலியாத்தான் போச்சு.”

“என் பேரை அடி.”

“அக்கா?”

“அடிச்சுப் பாரும்மா. என் பேருக்கு எவ்வளவு இடம் வேணும்னு தெரிஞ்சுக்கறேன்.”

தட்டச்சம்மா அடித்தார். ஐந்தாறு எழுத்துத்தான் வரும் அவள் பெயர். திரையில் பெரிதாகத் தெரிந்தது. அதைத் தனியாகச் சேமித்து, அது பிடித்துக்கொண்ட இடத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஒரு கேபிகூட வரலக்கா. கேபியை இருபத்தஞ்சு பங்காப் போட்டா அதுல ஒரு பங்கு. அவ்வளவுதான்.”

அக்கா திரைக்குக் கிட்டே போய்த் தன் பெயரை ஒரு முறை தொட்டுப் பார்த்தாள்.

“இதுக்கா இடமில்லன்னாங்க?”

  மேலாளரும் கணக்கரும், அந்த மேதைகள் இருவரும், இருந்திருந்தால் தக்க விளக்கம் கொடுத்திருப்பார்கள். கல்லைத் திறந்த கையோடு அவர்கள் தலைமை அலுவலகத்துக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள், இந்த ஆண்டு மிக அதிகமாக இடத்தை மிச்சப்படுத்திய அலுவலகத்துக்கான கேடயத்தை வாங்க.